லெமன் சாதம் சொன்ன தேதி

இன்றைக்கு என்ன தேதி என்பதில் உலகத்தில் யாரையுமே நம்பாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் தேதி சார்தான். கூடுவாஞ்சேரி அருகே நான் வேலை பார்த்த மாத்திரை கம்பெனியில், அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும்.

தினமும் காலையில் அச்சாகி வரும் முதல் மாத்திரை அட்டையைப் பதிவேட்டில் ஒட்டுவோம். அதிலுள்ள தயாரிப்புத் தேதி சரி என்று நான் ஒரு கையெழுத்து, அவர் ஒரு கையெழுத்து. பிறகுதான் மெஷின் ஓட வேண்டும். அவரோ பேனாவைத் திறக்குமுன் வாட்ச்மேனைக் கேட்பார், கேன்டீன் அக்காவைக் கேட்பார், கடைசியில்தான் கம்ப்யூட்டரைப் பார்ப்பார். மூன்றும் ஒத்துப்போக வேண்டும். கல்யாணத்துக்குக்கூட யாரும் இவ்வளவு பொருத்தம் பார்ப்பதில்லை.

ஒரு பிப்ரவரி இருபத்தொன்பதாம் தேதி, தாம்பரத்தில் ரயில் நின்றுவிட்டதால் அவர் வரத் தாமதம். லாரி வேறு காத்திருந்தது. நான் மட்டும் கையெழுத்துப் போட்டு மெஷினை ஓடவிட்டேன்.

அவர் வந்தார். பதிவேட்டைப் பார்த்தார். மெஷினை நிறுத்தினார்.

மேனேஜர் ஓடி வந்தார். "மறுபடியும் என்ன சார்?"

"கம்ப்யூட்டர் மார்ச் ஒண்ணுங்குது. லீப் வருஷம்னு அதுக்கு யாரும் சொல்லல போல. அட்டையில மார்ச்னு அடிச்சிருக்கு."

"கம்ப்யூட்டரை விட உங்களுக்குக் கேன்டீன் அக்கா பெரிசா?"

"அக்கா இன்னிக்கு லெமன் சாதம் போடுறாங்க சார். அப்போ வியாழன்தான், மார்ச் ஒண்ணு நாளைக்கு, வெள்ளிக்கிழமை. அவங்க ஒரு வாரம்கூட தப்பினதில்ல."

மாதம் மாறினால் காலாவதியும் ஒரு மாதம் தள்ளிப்போகும். கெட்டுப்போன மாத்திரையை யாரோ ஒருவர் நம்பி விழுங்குவார்.

"இவர் வர்றதுக்கு முன்னாடி மெஷினை ஓட்டச் சொன்னது யாரு?" என்றார் மேனேஜர்.

சொன்னால் என் வேலை போய்விடும். இருந்தும் சொன்னேன்.

"நான்தான் சார். பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டேன். ரெண்டு பெட்டி லாரியில ஏறிடுச்சு."

பெட்டிகளை இறக்கினார்கள். "ரிப்போர்ட்ல ஊழியர் கவனக்குறைவுன்னு எழுதிடுங்க சார். அந்தம்மாவை அனுப்பிடலாம்" என்று என்னைக் காட்டிவிட்டு மேனேஜர் போய்விட்டார்.

தேதி சார் சாயங்காலம்வரை எழுதினார். கம்ப்யூட்டரைத் திட்டி மூன்று பக்கம். கவனக்குறைவையும் மறைக்கவில்லை. அதன் கீழே: "இவர் தானாக உண்மையைச் சொன்னதால் எல்லாப் பெட்டிகளும் அகப்பட்டன. இப்படிப்பட்டவர் இந்த வேலையில் இருப்பது அவசியம்."

என் வேலை தப்பியது.

என்னைப் பற்றி ஒருவர் நல்லதாக எழுதிய காகிதம் அது ஒன்றுதான். கம்பெனி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். நகல்கூடத் தர மாட்டார்கள். பரவாயில்லை. எனக்கு அது மனப்பாடம்.