பதினான்காம் நம்பர் பங்களாவும் என் இரண்டு குடங்களும்

பொய் சொல்ல ஒரு திறமை வேண்டும். எனக்கு அது அறவே கிடையாது. இருந்தும் இருபத்தேழு வயதில், கல்யாண ஆசை தலைக்கேறிப் போய், மெட்ராஸில் ஒரு பங்களாவையே முழுசாக விழுங்கப் பார்த்தேன். (வாய் கொள்ளவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.)

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை இது. எனக்குச் சொந்த ஊர் காரைக்குடிக்குப் பக்கத்தில் நாச்சியாபுரம். அப்பாவுக்குக் கொஞ்சம் வயல், நிறையக் கவலை. நான் மெட்ராஸில் ஒரு தனியார் கம்பெனியில் தபால் பிரிவில் இருந்தேன். வெளியே போகிற கவர்களில் ஸ்டாம்ப் ஒட்டுவது என் உத்தியோகம். நாள் முழுக்க ஒட்டி ஒட்டி, ராத்திரி சாப்பிடும்போது சோற்றில்கூடப் பசை வாசனை அடிக்கும்.

தங்கியிருந்தது மட்டும் பெரிய இடம். மரங்கள் அடர்ந்த, கார்கள் சத்தமில்லாமல் போகிற ஒரு தெருவில் பதினான்காம் நம்பர் பங்களா. முன்பக்கம் புல்வெளி, போர்ட்டிகோ, இரண்டு கார்கள், அல்சேஷன் நாய் ஒன்று. அதற்குள் வசித்தவர்கள் மூன்றே பேர். பங்களாவின் முதுகுப் பக்கம், சுவரை ஒட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு ஆறு அறைகள். அவற்றில் வசித்தவர்கள் சமையல்காரர் குடும்பம், டிரைவர் குடும்பம், துணி தேய்க்கிற கன்னியம்மா குடும்பம் என்று இருபத்துச் சொச்சம் பேர். அதில் கடைசி அறை நான் வாடகைக்கு எடுத்தது. எங்களுக்கு வாசல் பக்கத்துச் சந்தில்.

முன்பக்கம் புல்லுக்குத் தினமும் காலையில் ரப்பர் குழாயில் தண்ணீர் பீய்ச்சுவார்கள். பின்பக்கத்துக் குழாயைத் திறந்தால் ஒரு ஏப்பம் மட்டும் வரும். சந்துக்கு லாரி வந்தால்தான் எங்களுக்குத் தண்ணீர். வருகிற நேரம் லாரி டிரைவருக்கே தெரியாது. அதனால் எல்லோரும் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, காதை மட்டும் சந்தில் விட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்ப்போம். ஹாரன் கேட்டால் குளித்துக்கொண்டிருப்பவன்கூட சோப்போடு ஓடி வருவான்.

இந்த நிலையில்தான் காரைக்குடியில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெயர் ஜெயராணி. காபி டம்ளரை நீட்டும்போது "சூடா இருக்கு, பாத்து" என்று மெதுவாகச் சொன்னாள். நான் கவிழ்ந்தது அங்கேதான். இந்தப் பெண் இல்லாவிட்டால் சாமியாராகிவிடுவது என்று டம்ளர் காலியாவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

அவளுடைய அப்பா சூசை சார், தொடக்கப்பள்ளி ஆசிரியர். மெட்ராஸில் எங்கே ஜாகை என்று கேட்டார். நான் தெருப் பெயரைச் சொல்லி, "பதினாலாம் நம்பர் பங்களா" என்றேன்.

இங்கே என் தரப்பு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் செட்டியார் வீடுகள் ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும். ஒரு வீட்டில் பதினைந்து பங்காளிகளுக்குப் பங்கு இருக்கும். ஆளுக்கு மிஞ்சுவது பூட்டுப் போட்ட ஓர் அறை. ஆனாலும் கேட்டால், முழு வீட்டையும் காட்டி "எங்க வீடு" என்பார்கள். அது பொய் இல்லை, ஊர் வழக்கம். நாங்கள் செட்டியார்கள் இல்லை, எங்கள் வீடு இரண்டு அறை ஓட்டு வீடு. வழக்கத்தை மட்டும் கொஞ்சம் இரவல் வாங்கிக்கொண்டேன்.

பத்து நாளில் சூசை சாரிடமிருந்து இன்லேண்டு லெட்டர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவரும் ஜெயராணியின் அம்மாவும் மெட்ராஸ் வருகிறார்களாம். மாப்பிள்ளை இருக்கிற வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு முடிவு சொல்கிறார்களாம். முத்து முத்தான வாத்தியார் கையெழுத்து.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தப் புத்தி வரவில்லை. அது மே மாதம், பங்களாக்காரர்கள் ஊட்டிக்குப் போயிருந்தார்கள். முன் ஹாலின் சாவி வாட்ச்மேன் தங்கவேலுவிடம் இருந்தது. கெஞ்சினேன், காலைத் தொடாத குறை. கடைசியில் இரண்டு மட்டன் பிரியாணிப் பொட்டலத்துக்கு இறங்கி வந்தார். பத்து மணியிலிருந்து பதினொன்று வரை ஹால் எனக்கு. பதினொன்றுக்குப் பங்களா முதலாளியின் மைத்துனர் நாய்க்குச் சோறு வைக்க வருவார். அதற்குள் காலி செய்துவிட வேண்டும். எதையும் தொடக் கூடாது என்பது கூடுதல் நிபந்தனை.

ஞாயிறு பத்து மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். சூசை சார் வெள்ளை வேட்டி சட்டையில், அத்தை கையில் மஞ்சள் பையோடு. நான் நண்பனிடம் இரவல் வாங்கிய பேண்ட்டில். தங்கவேலு எனக்கு ஒரு சல்யூட் அடித்தார். (பிரியாணியில் அது சேராது, அவராகச் சேர்த்துக்கொண்டது.) நாய் மட்டும் ஒத்துழைக்கவில்லை. விருந்தாளிகளைப் பார்த்து வாலை ஆட்டிவிட்டு, என்னைப் பார்த்துச் சங்கிலி அறுந்துவிடும்போலக் குரைத்தது.

"ஒங்களப் பாத்தே கொலைக்குதே தம்பி?" என்றார் சூசை சார்.

புது நாய் என்றேன். நாய்க்குக் காது வரை நரைத்திருந்தது.

ஹாலில் உட்காரவைத்தேன். நல்ல வெயில். ஃபேன் போடலாம் என்று சுவிட்ச் பலகைக்குப் போனால், பதினெட்டு சுவிட்சுகள். முதல் சுவிட்சுக்கு நடு ஹாலில் கண்ணாடி விளக்குக் கொத்து எரிந்தது. இரண்டாவதற்குச் சமையலறைப் பக்கம் மணி அடித்தது. மூன்றாவதற்கு வாசல் விளக்கு. பட்டப்பகலில் கல்யாண மண்டபம் மாதிரி எல்லாம் எரிந்தன, ஃபேன் மட்டும் சுற்றவில்லை. அத்தை முந்தானையால் விசிறிக்கொண்டு, "இருக்கட்டும் தம்பி, நல்லாத்தான் காத்து வருது" என்றார்.

சூசை சார் கை கழுவ வேண்டும் என்றார். நம்பிக்கையோடு ஒரு கதவைத் திறந்தேன். உள்ளே முப்பது ஜோடி செருப்புகள். குடிக்கத் தண்ணீர் கேட்கப் போகிறார்களே என்று எனக்கு வியர்த்து ஊற்றியது, சமையலறை பூட்டியிருந்தது. நல்லவேளை, அத்தை பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து எனக்கும் கொடுத்தார். வீட்டுக்காரன் விருந்தாளியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

அப்போதுதான் சூசை சார் எனக்குத் தப்பிக்க ஒரு வழி திறந்துவிட்டார். காரைக்குடிக்காரர் அல்லவா? அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்துவிட்டு, வெகு சாதாரணமாகக் கேட்டார்:

"பெரிய வீடாத்தான் இருக்கு. இதுல ஒங்க அறை எங்குட்டு இருக்கு?"

'பின்னால இருக்கு மாமா' என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் கதை சுபம். விதி என் நாக்கில் ஏறி உட்கார்ந்திருந்தது. நான் காலை ஆட்டிக்கொண்டு, "எல்லாமே நம்ம அறைதான் மாமா. கம்பெனியில எனக்குன்னு குடுத்திருக்காங்க" என்றேன்.

சூசை சார் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அத்தை சோபாவின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆஹா, அசந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் அசத்தலாம் என்று மாடியில் நான்கு அறைகள் சும்மா கிடப்பதாகச் சொன்னேன். சூசை சார் தொண்டையைக் கனைத்து, "தம்பி, ஒரு விசயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தார்.

அந்த நேரத்தில் சந்தில் ஹாரன் கேட்டது.

மூன்று நாளாக வராத லாரி. நான் யோசிக்கவே இல்லை, உடம்பு தானாக எழுந்துவிட்டது. உட்காரு, உட்காரு என்று மூளை கத்துகிறது. அதற்குள் பக்கவாட்டு ஜன்னலில் கன்னியம்மாவின் தலை தெரிந்தது. ஹாலுக்குள் நான் எதற்கு என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. தண்ணீர் நேரத்தில் யாரும் யோசிப்பதில்லை.

"யோவ், லாரி வந்துட்ச்சு. ஒன் கொடம் ரெண்டும் முன்னால நிக்குது. வர்றியா, எட்த்துப் பின்னால வச்சிரட்டா?"

பின்னால் வைத்தால் இன்னும் மூன்று நாளைக்குத் தண்ணீர் கிடையாது. ஓடினேன். இரவல் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு, புல்வெளியைத் தாண்டி, நாய் சங்கிலியை இழுத்துக் குரைக்க, பெண் வீட்டாரை ஹாலில் அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். இன்று நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கூட்டத்தில் முண்டி, குழாயைப் பிடித்து, ஒரு குடம் நிரப்பி நிமிர்ந்தபோது, சந்து முனையில் இருவரும் நின்றார்கள். எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று பின்னாலேயே ஓடி வந்திருக்கிறார்கள். என் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முடிந்தது, ஜெயராணி போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது.

மிச்சத்தைக் கன்னியம்மா பார்த்துக்கொண்டாள். நீங்கள் இவருக்குச் சொந்தமா என்று அத்தையிடம் விசாரித்தவள், நான் கடைசி ரூமில் இருப்பதிலிருந்து வாடகை பாக்கி வைத்ததில்லை என்பது வரை குடம் நிரம்புவதற்குள் சொல்லி முடித்தாள். தனக்குக் காய்ச்சல் கண்டு படுத்த ஒரு வாரமும் தன் குடங்களுக்கும் சேர்த்து நான்தான் தண்ணீர் பிடித்ததாக, கேட்காமலே ஒரு சர்ட்டிபிகேட்டும் கொடுத்தாள். அத்தை பையை சூசை சாரிடம் கொடுத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகி, இரண்டாவது குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டார். நான் ஒரு குடத்தோடு பின்னால் போனேன்.

என் அறையில் ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு டிரங்குப் பெட்டி. அவர்களைக் கட்டிலில் உட்காரவைத்து, நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பிரியாணிவரைக்கும் சொன்னேன். சொல்லி முடித்ததும் மன்னிப்புக் கேட்டேன்.

சூசை சார் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்தே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அங்குட்டு உக்காந்திருந்தப்ப சோபாவுல சாயக்கூட முடியல. இம்புட்டுப் பெரிய எடத்துல நமக்கு எப்படிய்யா சரிப்படும், எம் மக இதுல வேலைக்காரி மாதிரில்ல நிப்பான்னு பயந்துட்டேன். சம்பந்தம் வேணாம்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். லாரி வந்துச்சு, பொழச்சீக."

நான் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். என்னைவிட அவர்தான் அதிக நிம்மதியோடு இருந்தார். காலை நீட்டி, மூட்டுகளைப் பிடித்துவிட்டுக்கொண்டு, காபி கேட்டார். அந்த ஹாலில் அவர் ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அத்தை அவ்வளவு சுலபமாக விடவில்லை. "பொய் பொய்தான். கோயிலுக்குப் போயி பாவசங்கீர்த்தனம் பண்ணிருங்க. எம் மகளுக்கும் நீங்களே ஒரு லெட்டர் எழுதிருங்க. அவ சரின்னா சரி" என்றார்.

இரண்டையும் செய்தேன். தேவாலயத்தில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்வது சுலபமாக இருந்தது. ஜெயராணிக்கு நான்கு பக்கம் எழுதினேன், ஆஸ்பெஸ்டாஸ் சூட்டைக்கூட விடவில்லை. பதில் வருகிறவரை ஆபீஸில் பாதிக் கவர்களுக்குத் தலைகீழாக ஸ்டாம்ப் ஒட்டினேன். ஒரு வாரம் கழித்து ஒரு தபால் கார்டு வந்தது. வரும்போது இரண்டு எவர்சில்வர் குடம் கொண்டுவருகிறாளாம், என் பிளாஸ்டிக் குடங்களை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லியிருந்தாள். அந்தக் கார்டை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் மானம் போய்விடும்.

அந்தக் கடைசி அறையில் நான்கு வருடம் குடித்தனம் நடத்தினோம். லாரிக்கு என்னைவிட ஜெயராணி வேகமாக ஓடினாள்.

இப்போது புறநகரில் சின்னதாக ஒரு வீடு இருக்கிறது, குழாயில் தண்ணீரும் வருகிறது. ஆனால் காரைக்குடியில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், முன்பின் தெரியாதவர்களிடம்கூட என் மாமனார் இழுத்துக்கொண்டுபோய் என்னை அறிமுகப்படுத்துகிறார். தோளில் கை போட்டு, சத்தமாக, பெருமையாக ஆரம்பிப்பார். "நம்ம மருமகன். மெட்ராஸ்ல மாடி வச்ச பெரிய பங்களாவுல இருந்தவுக." கேட்கிறவர் மரியாதையோடு எனக்குக் கும்பிடு போடுகிறவரைக்கும் காத்திருப்பார். பிறகு சொல்வார், "முக்கா மணி நேரம்."