மீசைக்காரரின் சொந்த வீடு

கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம், பால்கனியில், மீசைக்காரர் நின்றிருந்தார். அந்தப் பக்கம், கூடத்தில், அவருடைய பேத்தி சம்பந்தியின் கையில் இருந்தாள்.

"கொஞ்சம் இப்படித் திரும்புங்க சம்பந்தி! குழந்தை தெரியல, உங்க வழுக்கைதான் தெரியுது!" என்று கத்தினார்.

சம்பந்தி தாராள மனதோடு திரும்பினார். குழந்தை கொட்டாவி விட்டது. மீசைக்காரர் உருகிப்போனார்.

"என் மூக்கு! அப்படியே என் மூக்கு!"

"ஊசி போட்டுக்கிட்டு வந்து அந்த மூக்கைத் தொடுங்கப்பா" என்றாள் மகள், உள்ளேயிருந்தே.

மகள் போட்ட சட்டம் அது. குழந்தைக்கு அந்தத் தடுப்பூசி போடும் வயது வரவில்லை. ஆகவே சுற்றியிருக்கிற பெரியவர்கள் போட்டுக்கொள்ள வேண்டும். போடாதவருக்குப் பால்கனி. சம்பந்தி முதல் ஆளாகப் போட்டுக்கொண்டவர். பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவர் கை காலியாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

"எனக்கு எதுக்கு ஊசி? எனக்குத்தான் அந்த நோய் வந்து போயாச்சே!"

"சரிப்பா. நீங்களும் வந்து போயிட்டீங்க. வழியில பார்த்துப் போங்க" என்று மகள் திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.

மீசைக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மாடிக்கும் மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவர் தொழில். எடுப்பதற்கு முன்னால் கதவிடுக்கு வழியாக அவர்களுக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றுவது அவர் பழக்கம். சொற்பொழிவு முடியாமல் கதவு திறந்ததாகச் சரித்திரம் கிடையாது. உள்ளே இருப்பவர்கள் எழுந்து போகவும் வழியில்லை.

"ஊசி போட்டு வர்ற எதிர்ப்புச் சக்தி இருக்கே, அது வாடகை வீடு சார். நோய் வந்து, அதோட சண்டை போட்டு உடம்பு தானா கட்டுற சக்தி இருக்கே, அது சொந்த வீடு. என்னோடது சொந்த வீடு! போன வருஷம் எனக்கும் வீட்டுக்காரிக்கும் சளி, இருமல். மூக்குல குச்சி விட்டு ரெண்டு பேருக்கும் எடுத்துட்டுப் போனாங்க. மறுநாள் லேப்ல இருந்து ஒரு பொண்ணு போன் பண்ணி, 'உங்க வீட்டுல பாசிட்டிவ்'னா. போனை வீட்டுக்காரி கையில குடுத்தேன். நேராப் போய்ப் படுத்தேன். 'வாடா, நீயா நானா பாத்துடலாம்'னு படுத்தேன் சார்!"

"கதவு எப்ப சார் திறக்கும்?" என்று உள்ளிருந்து ஒரு குரல் கெஞ்சும்.

"இருங்க, முக்கியமான கட்டம். வீட்டுக்காரி பயந்துட்டா. நாள் பூரா முகமூடி. தட்டைக் கதவுக்கு வெளியவே வச்சுட்டு ஓடிடுவா. பயத்துல அவளுக்கு இருமல் வேற அதிகமாயிடுச்சு. எனக்கா, ஒரு வேளை உப்பே தெரியல, மறு வேளை சோறு கடல் தண்ணி. நாக்கு செத்துப்போச்சு! ஆனா சளியும் இருமலும் ரெண்டே நாள்ல ஓடிப்போச்சு. அப்பேர்ப்பட்ட வைரஸை ஓட வச்ச உடம்பு சார் இது. இதுக்கு ஊசி போட்டா, இந்த மீசையை எடுத்துடறேன்!"

அந்தச் சபதம்தான் வினையாயிற்று. அதை நகரத்தின் பாதி லிஃப்ட்டுகளில் செய்திருந்தார். சாட்சிக்கு, அதே கம்பெனியில் வேலை பார்த்த அவருடைய மச்சான் வேறு எப்போதும் பக்கத்தில் ஸ்பேனரோடு நின்றிருந்தான்.

மனைவி அந்த நோய்க் காலத்துக்குப் பிறகு, முறை வந்ததும் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். "வாடகை வீட்டுக்காரம்மா" என்று அவளைக் கேலி செய்வார். அவள் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விடுவாள்.

பால்கனியில் நின்று வந்த அன்று மாலை அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

"சம்பந்தி அந்தக் குழந்தையைப் பிடிச்சிருக்கிற பிடியே சரியில்ல. தலையை இப்படியா தாங்குறது?"

"உங்களுக்குத் தூக்கணும்னு ஆசையா இருக்குன்னு சொல்லிட்டுப் போங்களேன்" என்றாள் மனைவி.

"ஆசையெல்லாம் இல்ல. அந்தப் பிடியைப் பத்தித்தான் கவலை."

ஆசைதான். குழந்தையின் விரல்கள் கண்ணாடியில் பட்டபோது, மறுபக்கத்தில் தம் விரலை வைத்துப் பார்த்த மனிதர் அவர். ஆனால் மீசையும் சாதாரண மீசையில்லை. அடுத்த தெருவிலிருந்தே ஆளைச் சொல்லிவிடுகிற மீசை.

மறுநாளே ரகசியமாக ஊசி போட்டுக்கொள்ள முடிவு செய்தார். நகரத்தின் இன்னொரு கோடியில், ஐந்தாவது மாடியில் ஒரு கிளினிக். தெரிந்தவர் யாரும் வரமாட்டார்கள். முகமூடியை மாட்டிக்கொண்டு வண்டிக் கண்ணாடியில் பார்த்தார். மீசை முகமூடிக்கு வெளியே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, 'நான்தான், நான்தான்' என்றது.

வேறு வழி தெரியவில்லை. பக்கத்திலிருந்த சலூனில் நுழைந்தார்.

"எடுத்துடவா சார்? நிஜமாவா?" என்று முடிதிருத்துபவரே இரண்டு முறை கேட்டார்.

"சீக்கிரம் எடுப்பா, மனசு மாறிடும்."

ஊசி போட்டால் மீசையை எடுப்பதாகச் சபதம் செய்த மனிதர், ஊசி போடுவது வெளியே தெரியக்கூடாது என்பதற்காக மீசையை எடுத்தார். குற்றத்துக்கு முன்பே தண்டனையை அனுபவித்துவிட்டு, லேசான மூஞ்சியோடு வெளியே வந்தார்.

ஐந்து மாடியையும் படியேறியிருக்கலாம். ஆனால் லிஃப்ட் மெக்கானிக் படியில் ஏறினால் தொழிலுக்கு என்ன மரியாதை? லிஃப்ட்டில் ஏறினார். கூடவே கையில் பையோடு ஒரு அம்மாள் ஏறினார். மூன்றாவது மாடி தாண்டியதும் ஒரு குலுக்கல், ஒரு முனகல். லிஃப்ட் நின்றுவிட்டது.

அந்த அம்மாள் அபாய மணியை அழுத்தி, அதிலேயே பேசி உதவி கேட்டார். சற்று நேரத்தில் மீசைக்காரரின் சட்டைப்பையில் போன் அடித்தது. கம்பெனியிலிருந்து.

"அண்ணே, ஒரு லிஃப்ட்டு மாட்டிக்கிச்சு. உள்ள ஒரு டாக்டரம்மாவும் யாரோ ஒரு ஆளும் இருக்காங்களாம். உங்க வண்டி அந்தத் தெருவுலதான் நிக்குதுன்னு காட்டுது. உங்களை விடப் பக்கத்துல யாருமில்ல."

"நிஜந்தான், ரொம்பப் பக்கத்துல இருக்கேன்" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "ஆனா வெளிய வர முடியாத வேலை. வேற ஆளை அனுப்பு."

"சரிண்ணே, உங்க மச்சானை அனுப்புறேன்."

"அவன் வேண்டாம்!" என்று கத்துவதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

டாக்டரம்மாவுக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. "கயிறு அறுந்துடுமாங்க?"

"அறாதும்மா. ஒண்ணு போனாலும் மிச்ச கயிறு தாங்கும். நான் பொறுப்பு." அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நின்றுபோன லிஃப்ட், உள்ளே ஒரு ஆள், பழக்கம் விடவில்லை. "ஊசி போட்டு வர்ற எதிர்ப்புச் சக்தி இருக்கே, அது வாடகை வீடும்மா..." என்று ஆரம்பித்துவிட்டார்.

டாக்டரம்மா முழுதும் கேட்டார். இதுவரை யாரும் முழுதும் கேட்டதில்லை.

"நீங்க சொல்றதுல பாதி சரி" என்றார். "நோய் வந்து போனா சக்தி வரும், நல்ல சக்திதான். ஆனா அதுக்கு நோயையே விலையாக் குடுக்கணும். சிலருக்கு அந்த விலை உயிராப் போயிடுது. கிடைக்கிற சக்தியும் ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும், நாளாக நாளாகக் குறையும். ஊசியில வர்றதும் குறையத்தான் செய்யும். ஆனா அது படுக்காமலே கிடைக்கும்."

மீசைக்காரர் இல்லாத மீசையைத் தடவினார். "அப்போ என் சொந்த வீடு?"

"அதை ஏன் இடிக்கணும்? நோயும் வந்து, அதுக்கு மேல ஊசியும் போட்டவங்களுக்குச் சக்தி இன்னும் பலமா இருக்கிறதாத்தான் பார்த்திருக்காங்க."

மீசைக்காரரின் முகம் மலர்ந்தது. "அதாவது, சொந்த வீட்டு மேல மாடி கட்டுற மாதிரி!"

"அப்படியே வச்சுக்கலாம்."

மேலே தட்டும் ஓசை. கதவு பிளந்து மச்சானின் தலை எட்டிப் பார்த்தது. "பயப்படாதீங்க, வந்துட்டேன்..." என்றவன் கண்ணைக் கசக்கினான். "அத்தான்? ஐயோ, மீசை எங்க அத்தான்?"

ஒரு மணி நேரத்துக்கு முன்பென்றால் தரையில் புதைந்திருப்பார். இப்போது நெஞ்சை நிமிர்த்தினார்.

"மாடி கட்டப் போறேன்டா மச்சான். இடைஞ்சலா இருந்துச்சு, எடுத்துட்டேன். கையைக் குடு!"

ஊசியைப் போட்டுக்கொண்டார். அது வேலை செய்ய மகள் சொன்ன நாட்கள் ஆகும்வரை காத்திருந்தார். அதற்குள் நகரத்தின் லிஃப்ட்டுகளில் புதிய சொற்பொழிவு அரங்கேறிவிட்டது. மீசை போன வருத்தத்தை யாராவது விசாரித்தால், மாடி வீட்டின் பெருமையை மொட்டை மாடிவரை ஏற்றிச் சொன்னார்.

அந்த நாள் வந்தது. கண்ணாடிக் கதவு திறந்தது. மகள் குழந்தையை அவர் கையில் வைத்தாள். தலையைச் சரியாகத் தாங்கினார். பேத்தி அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த உலகத்தில் தம்மை விடப் பெரிய ஆள் கிடையாது என்று அந்த நிமிஷம் மனதார நம்பினார். சம்பந்தி காலிக் கையோடு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது அந்த நம்பிக்கைக்கு இன்னும் வலு சேர்த்தது.

"தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. உங்களோடது வாடகை வீடு. என்னோடது கீழ சொந்த வீடு, மேல மாடி. பேத்தியைத் தூக்க இந்த வீட்டுல என்னை விடப் பலமான ஆள் கிடையாது!"

"அது சரிதான்" என்றார் சம்பந்தி, பாவமாக.

"வைரஸோட நேருக்கு நேர் நின்னவன் நான்!" ஓரமாக உட்கார்ந்து குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார். "ஏம்மா, நீ சொல்லு. ஊசியோட நிறுத்திக்கிட்டவங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியும்? நாக்கு செத்துப்போய், உப்பு தெரியாம, அந்த வேதனை எப்படின்னு உனக்குத் தெரியுமா?"

மனைவி கடைசித் துணியையும் மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அன்னிக்கு அந்தப் பொண்ணு பேரைச் சொல்றதுக்குள்ள போனை என் கையில குடுத்துட்டுப் போய்ப் படுத்துட்டீங்க, பாசிட்டிவ் எனக்கு மட்டுந்தாங்க, நாக்குல உப்பு தெரியாம சமைச்சதும் நான்தான், ரெண்டு பேரும் படுத்துட்டா அடுப்பை யாரு பாக்குறது?"