பாலத்துக்கு ஒரு ஓட்டு

செவ்வாய்க்கிழமை பாலத்து மசோதா ஓட்டெடுப்புக்கு வருகிறது என்று தெரிந்ததும், லவீனியா டில்ஃபோர்ட் ரயிலேறி வாஷிங்டனுக்கே வந்துவிட்டாள்.

"நீங்க ஓட்டுப் போடறதை நான் கண்ணால பாக்கணும்" என்றாள்.

அவள் கணவர் ஏசா டில்ஃபோர்ட் வயோமிங்கின் பிரதிநிதி. வயோமிங் இன்னும் மாநிலமாகவில்லை, வெறும் பிரதேசம். பிரதேசத்திலிருந்து வரும் பிரதிநிதி வாஷிங்டன் சபையில் உட்காரலாம், தொண்டை வற்றப் பேசலாம்; ஓட்டு மட்டும் கிடையாது. தேர்தலின்போது டில்ஃபோர்ட் இதை யாரிடமும் சொல்லவில்லை. 'பாலத்துக்கே என் ஓட்டு' என்று மேடையில் முழங்குவது வாய்க்கு அவ்வளவு ருசியாக இருந்தது. அவர் ஊரில் பெண்களுக்கும் ஓட்டு உண்டு. லவீனியாதான் வீடு வீடாகப் போய் அவர்களைத் திரட்டி அவரை ஜெயிக்க வைத்தாள். போன வசந்தத்தில், பாலமில்லாத அந்த ஊர் ஆற்றின் வெள்ளம் அவள் தம்பியின் வண்டியைக் குதிரைகளோடு அடித்துக்கொண்டு போயிருந்தது. தம்பி பிழைத்தது தெய்வச் செயல்.

பார்வையாளர் மாடத்தில் இடமே கிடைக்காது என்று டில்ஃபோர்ட் சொல்லிப் பார்த்தார். லவீனியாவோ தான் தங்கியிருந்த விடுதியின் சொந்தக்காரியிடம் பேசி முன்வரிசையில் இரண்டு இடம் வாங்கிவிட்டாள். விடுதிக்காரியும் கூட வருவதாக ஏற்பாடு.

டில்ஃபோர்ட் பதவியேற்றுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. முகங்கள்கூடச் சரியாகப் பிடிபடவில்லை. திங்கட்கிழமை, உறுப்பினர்கள் கோட்டு மாட்டும் அறையில், குவிம்பி என்ற நரைத்த தாடிக்காரர் அந்தப் பாலம் வீண் செலவு என்று பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார். டில்ஃபோர்ட்டுக்குச் சட்டென்று சபையின் பழைய வழக்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பேர் ஜோடி சேர்ந்து, இருவருமே ஓட்டுப் போடாமல் விட்டுவிடலாம். எழுத்து எதுவும் வேண்டாம், வாய்ச்சொல் போதும்.

"நாளைக்கு நாம ஜோடி சேந்துக்குவோமா?" என்றார்.

பெரியவர் கொஞ்சம் தயங்கினார். முகம் சிவந்தது. பிறகு கை குலுக்கினார்.

லவீனியாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"என் தம்பியை முழுங்கப் பாத்த ஆத்துக்கு ஒரு பாலம். அதுக்கு ஓட்டுப் போடாம கை கட்டிக்கிட்டு உக்காரப் போறீங்களா? இதுக்கா நான் உங்களுக்குத் தெருத் தெருவா அலைஞ்சேன்?"

"எதிரியோட ஓட்டு ஒண்ணை முடக்கியிருக்கேன், லவீனியா. அந்தக் கிழவன் நாளைக்கு வாயே திறக்க முடியாது."

அவள் யோசித்தாள். பிறகு கணவரைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அன்று சாயங்காலமே ஊருக்குத் தந்தி பறந்தது: 'ஏசா எதிரி ஓட்டை முடக்கிவிட்டார்.'

மறுநாள் பெயர்களை வாசித்தார்கள். டில்ஃபோர்ட் பெயர் வரவில்லை. மாடத்தில் லவீனியா விடுதிக்காரியின் காதில் பெருமையாக ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். மசோதா ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது.

ஊரிலிருந்து பதில் தந்தி வந்தது. பாலத்துக்கு அவர் பெயரையே வைக்கப்போகிறார்களாம். டில்ஃபோர்ட்டுக்குச் சோறு இறங்கவில்லை. செல்லாக்காசைக் கொடுத்து ஒரு நல்ல மனிதரின் ஓட்டை வாங்கிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. குவிம்பியைத் தனியாகப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடுவது என்று புதன்கிழமை காலை கிளம்பினார்.

"நானும் வரேன்" என்றாள் லவீனியா. "தோத்தாலும் சொன்ன சொல் தவறாத மனுஷன்." கையில் கேக் வைத்திருந்தாள். தடுக்க வழியில்லை.

சபை வாசலில் மூனி நின்றிருந்தார். முப்பது வருஷமாக அந்தக் கதவைக் காப்பவர், ஒவ்வொரு உறுப்பினரின் ஜாதகமும் அவருக்கு அத்துப்படி. குவிம்பி எங்கே என்று லவீனியாதான் முந்திக்கொண்டு கேட்டாள்.

"மோன்டானா பிரதேசத்து குவிம்பி ஐயாவா? நேத்தே ஊருக்குப் போயிட்டாரும்மா. 'எனக்கு ஓட்டே இல்லைன்னு தெரியாம டில்ஃபோர்ட்னு ஒரு நல்ல மனுஷன் தன் ஓட்டை விட்டுட்டாரு, மன்னிச்சுக்கச் சொல்லு'ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டே போனாரு" என்றார் மூனி. "நம்ம டில்ஃபோர்ட் ஐயாவுக்கும் ஓட்டு கிடையாதுன்னு நான் சொல்றதுக்குள்ள வண்டி கிளம்பிடுச்சு."