மோக் அம்மா கடையில் முதல் போணி

கவ்லூன், ஹாங்காங்
செவ்வாய்க்கிழமை மாலை

பெருமதிப்புக்குரிய பெரியக்காவுக்கு,

தம்பி ஹோன் மிங் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. விடுமுறைக்கு வந்த இடத்தில் நானும் மனைவி பூன் யீயும் நலம். ஈப்போவில் நீங்களும் அத்தானும் நலமாக இருப்பீர்கள், கடைக்கு வெள்ளையடித்து முடித்திருப்பீர்கள், திசை பார்க்கிறவர் சொன்னபடி அடுப்பையும் சுவரைப் பார்த்துத் திருப்பிக் கட்டியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே கத்துவீர்கள் என்பதால், நாளை ஊர் திரும்பும் பூன் யீயின் தங்கையிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கும்போது முதல் கொய்தியாவ் நூடுல்ஸை வதக்க, சுத்தியலால் தட்டிச் செய்த இரும்பு வாணலி ஒன்று. அப்போது உடுத்திக்கொள்ளச் சிவப்புப் பட்டு மேற்சட்டை ஒன்று. இரண்டும் இல்லாமல் வாசலை மிதிக்காதே என்று சொல்லி அனுப்பினீர்கள். பேரம் பேசத் தெரியாத எனக்கு இரண்டு அறிவுரைகளும் தந்தீர்கள். விடிந்ததும் முதல் ஆளாகப் போய் நில், முதல் போணியைக் கடைக்காரர் யாரும் விடமாட்டார் என்பது ஒன்று. பாதி விலைக்குக் கேள், தராவிட்டால் திரும்பிப் பார்க்காமல் நட, பின்னாலேயே கூப்பிடுவார்கள் என்பது மற்றொன்று. தனித்தனியே இரண்டும் சரிதான், பெரியக்கா. இரண்டையும் ஒரே காலையில் ஒரே கடையில் நான் கடைப்பிடித்ததுதான் வினையாகிவிட்டது.

ஷாங்காய் தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கும் மோக் அம்மா கதவைப் பாதி தூக்கும்போதே நாங்கள் குனிந்து உள்ளே போய்விட்டோம். அவருக்கு மகிழ்ச்சி. “வாங்க வாங்க, முதல் போணி, குறைச்சே தர்றேன்” என்று சொல்லிக் குறைத்தே விலை சொன்னார். நான் அதிலும் பாதி கேட்டேன். “ஐயா, இது வாணலி, வாணலிப் படம் இல்ல” என்றார். நான் நீங்கள் சொன்னபடியே திரும்பி நடந்தேன். யாரும் கூப்பிடவில்லை. தெருமுனை வரை போய், மனசு கேட்காமல் திரும்பிப் பார்த்தால், அந்தம்மா ஒரு காகிதத்தைக் கொளுத்தி வாசற்படியில் இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருக்கிறார். போணி பண்ணாமல் போன முதல் ஆளின் பீடையை விரட்டுகிறாராம். எதிர்க்கடைக்காரர் என்னைப் பார்த்ததும், “எங்க கடையிலயும் இன்னும் போணி ஆகலண்ணே, நீங்க அப்படியே போயிட்டு வாங்க” என்று கும்பிட்டார். தெரு முழுக்க அதே கும்பிடுதான்.

சரி, சட்டையையாவது பார்ப்போம் என்று அடுத்த தெருச் சந்தைக்குப் போனோம். அங்கே யுங் என்பவரின் கடையில் தங்க நூலில் பியோனிப் பூ போட்ட ஒரு மேற்சட்டை இருந்தது. நீங்கள் கனவில் கண்டது அதுவாகத்தான் இருக்கும். “என்ன அளவு?” என்றார். அளவு கேட்டு வர மறந்துவிட்டேன் என்பதால் கையை விரித்துக் காட்டினேன். “அண்ணே, அது கதவு அளவு” என்றார். என்னை மன்னிக்கவும், கொஞ்சம் அகலமாக விரித்துவிட்டேன். பூன் யீக்குப் போட்டுப் பார்த்தால் அவள் உங்களில் பாதி. அப்போது அவள்தான் மெதுவாகச் சொன்னாள்: “காலையில நெருப்பு காட்டினாங்களே, அந்தம்மா அப்படியே அக்கா அளவு.” அளவு மட்டுமா, பெரியக்கா, குரலும்தான்.

“சட்டையை எடுத்துட்டுப் போங்க, வீட்டம்மா இங்கயே இருக்கட்டும்” என்றார் யுங். மனைவியை ஈடாக வைத்துவிட்டு மோக் அம்மா கடைக்குத் திரும்பினேன். மத்தியானம் ஆகியும் அங்கே ஒரு கரண்டிகூடப் போகவில்லை. “என்ன, மிச்ச வியாபாரத்தையும் கெடுக்க வந்தியா?” என்றார். காலையில் அவர் சொன்ன விலையையே தருகிறேன் என்றேன். “அது போணி விலை. அதைத்தான் நீ உதைச்சுட்டுப் போனியே. இப்ப சொல்றதுதான் விலை” என்று கூட்டிச் சொன்னார். கேட்ட பணத்தை எடுத்துக் கொடுத்தேன். பணம் கை மாறியதுதான் தாமதம், ஓர் உணவகக்காரர் உள்ளே வந்து மூங்கில் ஆவித்தட்டுகளை அடுக்கடுக்காக வாங்கிப் போனார். மோக் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. “அடப்பாவி, இவ்வளவு கைராசியை வச்சுக்கிட்டா காலையில ஓடினே?”

அந்த நல்ல நேரத்தில் சட்டையை நீட்டினேன். கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டார். தைத்து வைத்தது மாதிரி இருந்தது. ஒரு பெரிய சட்டி மூடியில் முகம் பார்த்துவிட்டு, “உங்கக்கா குடுத்து வச்சவ. யுங் என்ன விலை சொன்னான்?” என்றார். சொன்னேன். அவ்வளவுதான், கடையைப் பக்கத்துக்காரரிடம் விட்டுவிட்டு, சட்டையைக் கழற்றாமலே சந்தைக்கு நடந்தார். “ஏன்டா யுங்கு, ஈப்போக்காரன்னா இளிச்சவாயனா?” என்று பாதி விலைக்குக் கேட்டார். அவர் மறுத்தார். இவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். சட்டையோடு நடந்ததால் யுங் கூப்பிட்டே ஆகவேண்டியிருந்தது. பாதி விலைக்கே முடிந்தது. உங்கள் முறையில் குறையே இல்லை, பெரியக்கா. ஆள்தான் சரியில்லை.

வாணலியைச் செய்தித்தாளில் பல சுற்றுச் சுற்றிக் கொடுத்து, “ஊருக்குப் போற வரைக்கும் காகிதத்தைப் பிரிக்காதே” என்று மோக் அம்மா சொல்லியிருக்கிறார். ஆகவே கவலை வேண்டாம். இரண்டும் ஒரே பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. பெட்டியை நானே என் கையால் அடுக்கினேன். வெள்ளிக்கிழமை வந்து சேருவோம். உங்கள் அடுப்பு அணையாமல் எரியவும், அத்தானின் முழங்கால் வலி குறையவும், கடை முன் வரிசை நிற்கவும் வேண்டிக்கொள்கிறேன்.

என்றும் உங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
ஹோன் மிங்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில், பெட்டியில் ஏதோ எண்ணெய் வாடை வருகிறதே என்று பூன் யீ கேட்டாள். வேலைக்காலம் முழுவதும் பத்திரிகை அலுவலகத்தில் இருந்தவன் நான். அச்சு மை எப்படி ஒட்டும் என்று எனக்குத் தெரியாதா? பட்டில் மை படக்கூடாதே என்று செய்தித்தாளை எல்லாம் பிரித்து எறிந்துவிட்டு, வாணலி அடிபடாமல் இருக்க அதைச் சட்டைக்குள் வைத்துச் சுற்றியிருந்தேன். துருப் பிடிக்காமல் இருக்கப் புது வாணலியில் கெட்டியாக எண்ணெய் பூசியிருப்பார்களாம். காகிதத்தைப் பிரிக்காதே என்றதற்குக் காரணம் அதுதானாம். சட்டையின் முன்பக்கத்தில் ஒரு சொட்டுக்கூட இல்லை. பியோனிகள் அப்படியே இருக்கின்றன. முதுகில் மட்டும் முழு நிலா மாதிரி, வாணலி அளவுக்கு ஒரு கறை. எனவே ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வாடிக்கையாளர்களைப் பார்த்தபடியே வதக்கினால் போதும், ஒருவருக்கும் தெரியாது. அடுப்பை மறுபடியும் பழைய பக்கமே திருப்பிக் கட்டலாமா என்று திசை பார்க்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.