பூட்டிய போனில் அண்ணன்

போன் பில்லைப் பார்த்ததும், இனிமேல் என் அனுமதி இல்லாமல் இந்த வீட்டில் ஒரு நம்பரும் சுழலாது என்று சபதம் செய்தேன். மாட வீதியில் ஒரு குட்டிப் பூட்டு வாங்கி டெலிபோன் டயலில் மாட்டினேன். சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டேன்.

"ஏங்க, அடையாறுல என் தங்கச்சி சுலோச்சனா கால்ல மாவுக்கட்டோட படுத்திருக்கா. பேச்சுத் துணைக்கு நான் ஒருத்திதான்" என்றாள் என் மனைவி தங்கம்.

"அவளையே போன் பண்ணச் சொல்லு."

"அவ வீட்டுக்காரரும் பூட்டிட்டாரு. யோசனை குடுத்ததே நீங்கதானாமே!"

"படுத்திருக்கிறவளுக்கு ஓய்வு வேணும். பேச்சு எதுக்கு?"

தங்கம் பதில் பேசவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் பதில் பேசாமல் போனது அதுதான் முதல் தடவை. நான் அங்கேயே பயந்திருக்க வேண்டும்.

மறுநாள் மத்தியானம் உள்ளறையில் படுத்திருந்தேன். கரண்ட் இல்லை. தெருவில் காக்காய்கூட இல்லை. என் தலைமாட்டில் டயல் இல்லாத இன்னொரு போன் உண்டு. கூடத்துப் போனின் அதே லைன்தான். அது திடீரென்று 'டிங்' என்றது.

முழு மணி இல்லை. யாரோ நகத்தால் மணியைத் தொட்ட மாதிரி. பிறகு நாலு டிங். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, ஒன்பது டிங்.

யாரோ நம்பர் போடுகிறார்கள். சாவியோ என் இடுப்பில்!

கூடத்துக்கு ஓடினேன். பூட்டு பூட்டியபடி இருந்தது. தங்கம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் குறட்டை விட்டாள். ரிசீவரைத் தொட்டேன். சுட்டது. இப்போதுதான் யாரோ காதிலிருந்து எடுத்தாற்போல.

அடுத்த நாளும் டிங், டிங். கொஞ்ச நேரம் வியர்த்துவிட்டு, துணிந்து என் தலைமாட்டுப் போனை எடுத்தேன். உள்ளே பேச்சில்லை. இரண்டு மூச்சு. ஒன்று இழுத்தது. ஒன்று விட்டது.

அன்று சாயங்காலம் தங்கத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இது யார் பேர்ல வந்த போன்?" என்றாள்.

"அண்ணன் பேர்ல."

அண்ணன் போனுக்கு எழுதிப் போட்டு, வருஷக்கணக்காகக் காத்திருந்து, அது வருவதற்கு முந்தின மாசம் போய்ச் சேர்ந்தார்.

"ஒரு நாள்கூட டயலைத் தொடாமப் போன மனுஷன். அவர் போனுக்கே பூட்டா?"

"அவர் யாருக்குடி பேசப் போறாரு?"

"மொதல்ல தெரிஞ்சவங்களுக்கு. அப்புறம் துணைக்கு வாடான்னு உங்களுக்கு."

பூட்டைக் கழற்றினேன். போனுக்கு விபூதி பூசினேன். மெதுவடை படைத்தேன்.

"நீங்க வீட்ல இருந்தா அவருக்குக் கூச்சமா இருக்காதா?" என்றாள் தங்கம். அதனால் தினமும் மத்தியானம் நாகேஸ்வர ராவ் பார்க்கில் போய் வெந்தேன்.

ஒரு நாள் குடையை மறந்து பாதியில் திரும்பினேன். கூடத்தில் தங்கத்தின் சிரிப்பு.

"டயல்ல பூட்டு இருந்தா இன்னாடி சுலோ? ரிசீவர் வைக்கிற கட்டையை நாலு தட்டு தட்டினா நாலு, ஒம்பது தட்டினா ஒம்பது. உள்ள அவருக்கு மணி அடிச்சுதாம்! வடைதானே? அண்ணன் சார்பா நானே தின்னேன்."

"அடியே!" என்று பாய்ந்தேன். "குட்டு உடைஞ்சு போச்சு! அண்ணனாவது, ஆவியாவது!"

தங்கம் பதறவில்லை. ரிசீவரை என் பக்கம் நீட்டினாள்.

"லைன்லதான் இருக்காரு. நீங்களே கேட்டுக்குங்க."

காதில் வைத்தேன். ரிசீவருக்குள் ஒரு மூச்சு. இழுத்தது. விட்டது.

அது சுலோச்சனாதான். எனக்கு நன்றாகத் தெரியும்.

"நான் பார்க்குக்குப் போயிட்டேன்னு சொல்லிடு" என்றேன்.