'ரைட்டு' அண்ணன் மனசுக்குள் ஓட்டிய பஸ்

மூளைக்கும் வாய்க்கும் நடுவில் மனிதர்களுக்கு ஒரு கதவு உண்டு. நினைத்ததையெல்லாம் வெளியே விடாமல் அதுதான் தடுத்து வைக்கும். எங்கள் 'ரைட்டு' அண்ணனைப் படைத்தபோது ஆண்டவன் அந்தக் கதவை மாட்ட மறந்துவிட்டான். சும்மா சொல்லவில்லை. அவர் தலைக்குள் என்ன இருக்கிறது என்று மிஷின் வைத்துப் பார்த்தவள் நான்.

புதுக்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. எடுக்கும் டெக்னீஷியன் வேலை எனக்கு. வீடு கறம்பக்குடி. காலையில் நான் ஏறும் தனியார் பஸ்ஸின் கண்டக்டர்தான் ரைட்டு அண்ணன். விசிலை ஊதிவிட்டு, அது போதாதென்று "ரைட்டு ரைட்டேய்ய்" என்று ஒரு கத்தல் கத்துவார். ஆலங்குடியில் கத்தினால் திருவரங்குளத்தில் ஆட்கள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்பார்கள்.

"உள்ள போங்க, உள்ள போங்க! பின்னால என்ன கடங்காரனா ஒக்காந்திருக்கான், இப்புடிப் பம்முறீங்க?" என்பார். ஒருத்தர் தயங்கித் தயங்கி ஆலங்குடிக்கு டிக்கெட் கேட்டால், "ஆஸ்பத்திரிக்கா மச்சான்? மூலம் இன்னும் கேக்கலியா? சீட்டுல ஒக்காராதீங்க, நின்னுக்கிட்டே வாங்க!" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி அனுதாபப்படுவார். மச்சான் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுவார்.

என்னையும் விட்டுவைத்ததில்லை. "எந்திரிச்சு எடம் குடுங்கப்பா, நம்ம ஸ்கேன் தங்கச்சி வந்திருக்கு. நாளைக்கு ஒங்க மண்டைக்குள்ள ஒண்ணுமில்லன்னு சொல்லப்போறது அவுங்கதான்!" என்பார். உடனே நாலு பேர் முழங்கால் வலியைப் பற்றி என்னிடம் கேட்க ஆரம்பிப்பார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குவதுபோல் நடிப்பேன்.

அந்த மனிதர் வாயை மூடுவது ஒரே ஒரு காரணத்துக்காகத்தான். யாராவது மடியில் கைக்குழந்தை தூங்கினால் போதும், ஆளே மாறிவிடுவார். விசில் சட்டைப்பைக்குள் போய்விடும். டிரைவரிடம் போய், "பாட்டக் கொற, புள்ள தூங்குது" என்று காதோடு சொல்வார். ஸ்டாப் வந்தால் இறங்க வேண்டியவரின் தோளைத் தொடுவார். ஆள் இறங்கியதும் கம்பியில் விரல் முட்டியால் டொக் டொக் என்று தட்டுவார். அந்த இரண்டு தட்டுதான் அன்றைக்கு ரைட்டு.

ஒருநாள் ஆலங்குடியில் பஸ் நின்றது. அண்ணன் படியில் நின்றபடி வாயைத் திறந்தார். ஊர்ப்பெயர் வரவில்லை. "அதான்... அது... இந்தா இருக்குல்ல..." என்று கையை ஆட்டினார். பஸ்ஸே சிரித்தது. "அண்ணே, பேசிப் பேசி ஊரே தீந்துபோச்சா?" என்றான் ஒருத்தன். அண்ணனும் சிரித்தார். ஆனால் விசிலை ஊதாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டிலேயே வலிப்பு வந்து விழுந்தார். அவர் மனைவி பாக்கியம் அண்ணி எங்கள் சென்டருக்குக் கூட்டிவந்தார்.

காந்த அறைக்குள் இரும்பு போகக் கூடாது. அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்து வரைக்கும் வாங்கி வைத்துவிட்டேன். விசிலை மட்டும் தரமாட்டேன் என்றார். "விசில் இல்லாம எந்த வண்டியில தங்கச்சி ஏறச் சொல்ற?" என்று ஒரே சண்டை. கடைசியில் பிடுங்கித்தான் வைத்தேன். உள்ளே போனதும் மிஷின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "வண்டி நல்ல வண்டிதான், கியருதான் சரியா விழுகல" என்றார்.

இடது பக்கம் கட்டி இருந்தது. அதன் குணத்தைத் தெரிந்துகொள்ளக் கையில் மருந்து ஏற்றி, கட்டிக்குள் ரத்தம் எப்படிப் பாய்கிறது என்று பார்த்தோம். கத்தி வைக்காமலே உள்ளே இருக்கும் ரசாயனங்களைக் கோடாக வரைந்து காட்டுகிற சோதனையும் உண்டு. அதில் தாழ்ந்து கிடக்க வேண்டிய கோடு நிமிர்ந்து நின்றது. படம் பார்க்கும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கெட்ட கட்டி.

"மண்டைக்குள்ள ஒண்ணுமில்லன்னு சொல்லிரு தங்கச்சி" என்றார் அண்ணன், வெளியே வந்து. நான் தாயத்தை எடுத்துக் கொடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

மதுரையில் ஆபரேஷன் என்று முடிவானது. ஆனால் கட்டி உட்கார்ந்திருந்தது பேச்சு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில். பேச்சு எதுவரைக்கும், கட்டி எதுவரைக்கும் என்று வரைபடம் வேண்டும் என்று அங்கிருந்த சர்ஜன் கேட்டிருந்தார். மூளையில் எந்த இடம் வேலை செய்கிறதோ அங்கே ரத்தம் கூடுதலாகப் போகும், அது படத்தில் வெளிச்சமாகத் தெரியும். அதற்கு மிஷினுக்குள் படுத்துக்கொண்டு வார்த்தைகளை நினைக்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது, தலை அசைந்தால் படம் கெட்டுவிடும்.

பாக்கியம் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "கல்யாணமான நாள்லேருந்து இவரு சத்தம் தாங்காம எங்கிட்டாவது ஓடிரலாமான்னு இருந்தவ நானு. ஆனா பேச்சு மட்டும் போயிரக் கூடாதுத்தா. அது போச்சுன்னா எங்க வீட்டுல அவரு எங்க இருக்காருன்னே தெரியாது."

மைக்கில் சொன்னேன். "அண்ணே, காய்கறி பேரா மனசுக்குள்ளயே நெனைங்க. வாய் அசையவே கூடாது."

"சரி தங்கச்சி. கத்திரிக்கா! வெண்டக்கா! சொரக்கா! பொடலங்கா எனக்குப் புடிக்காது, அதயும் சொல்லணுமா?"

படம் முழுக்கக் குலுங்கியிருந்தது. மறுபடி எடுத்தோம். இந்தத் தடவை படம் குலுங்காமல் வந்துகொண்டிருந்தது. டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அய்யய்யோ, பீர்க்கங்காய விட்டுட்டேன்!" என்று உள்ளேயிருந்து குரல். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஊசி போட்டு அமைதியாக்கலாம் என்றால், ஆள் தூங்கினால் மூளை எப்படிப் பேசும்? மறுநாள் காலை மதுரையில் சேர வேண்டும். இந்தப் படம் இல்லாவிட்டால் சர்ஜன் குத்துமதிப்பாகத்தான் கத்தி வைக்க வேண்டியிருக்கும்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. இந்த மனுசன் வாழ்க்கையில் ஒரு தடவையாவது வாயை மூடியிருக்கிறாரா என்று நினைத்தேன். நினைத்ததும் மைக்கை எடுத்தேன்.

"அண்ணே, வண்டி கறம்பக்குடியில கெளம்பிருச்சு. முன் சீட்டுல புள்ள தூங்குது. ஸ்டாப் பேரெல்லாம் மனசுக்குள்ளயே சொல்லிட்டு வாங்க. நான் நிக்கச் சொன்னா வண்டி நிக்கணும், எடுக்கச் சொன்னா எடுக்கணும்."

மிஷின் மட்டும் கடகடவென்று ஓடியது. 'எடுங்க' என்றேன், 'நிறுத்துங்க' என்றேன், மறுபடி 'எடுங்க' என்றேன். அத்தனை நேரமும் அந்த வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

படம் திரையில் வந்தது. கட்டியை ஒட்டி, ஆனால் கட்டிக்கு வெளியே, பேச்சு வெளிச்சமாக இருந்தது. வெட்டன்விடுதியும் ஆலங்குடியும் திருவரங்குளமும் அந்த வெளிச்சத்துக்குள்தான் இருந்தன. மேலே இன்னொரு இடமும் மினுங்கியது.

"இது கையோட இடமாச்சே. கைக்கு வேலையே குடுக்கலியே?" என்றார் டாக்டர்.

"ரைட்டு குடுத்திருப்பாரு சார்" என்றேன். உள்ளே விரலால் தட்டியிருக்கிறார்.

மதுரையில் பேச்சைத் தொடாமல் கட்டியை எடுத்தார்கள். பேச்சை ஒட்டியிருந்த கொஞ்சத்தை எடுக்க முடியவில்லை. மயக்கம் தெளிந்ததும் அண்ணன், "டாக்டரு, உள்ள தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்" என்றாராம். ரேடியேஷன் எல்லாம் முடிந்து, வேலை இல்லாவிட்டாலும் அதே பஸ்ஸில் முதல் சீட்டில் வந்து உட்கார்ந்துகொள்வார். புது கண்டக்டர் வாயைத் திறப்பதற்குள் இவர் ஊர்ப்பெயரைச் சொல்லிவிடுவார். அந்த நாட்களில் ஒருநாளும் நான் தூங்குவதுபோல் நடிக்கவில்லை.

சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு வந்துகொண்டிருந்தார். ஒரு தடவை, ரத்த ஓட்டம் பார்க்கும் படத்தில் எடுக்க முடியாமல் விட்ட அந்த ஓரம் சிவப்பாக எரிந்தது; கட்டி மறுபடி வளர்கிறது. நான் முகத்தைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனேன். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"என்ன தங்கச்சி, ஸ்டாப் வந்துருச்சா?"

"இல்லண்ணே, இன்னும் தூரம் கெடக்கு" என்றேன். அவரை ஏமாற்ற முடியவில்லை. அன்றைக்கு என்னிடம் கொடுத்து வைத்த விசிலைத் திரும்ப வாங்காமலேயே கிளம்பிப் போனார்.

கடைசியாக வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது பேச்சு நின்றுபோயிருந்தது. வலது கையும் வரவில்லை. நான் என்னென்னவோ பேசினேன், பஸ் கதையெல்லாம் சொன்னேன், அவர் கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருந்தார். கிளம்ப எழுந்தவள் போக மனசில்லாமல் வாசலில் நின்றேன். கட்டில் சட்டத்தில் டொக் டொக் என்று சத்தம் கேட்டது. இடது கையால் ரைட்டு கொடுத்திருந்தார்.

அவர் போன பிறகும் நான் அந்த பஸ்ஸில்தான் போகிறேன். அவருடைய கத்தலுக்கு என் காது ஏங்குகிறது. ஆனால் அவர் இல்லை என்று மட்டும் நம்ப முடிவதில்லை. ஏதோ ஒரு சீட்டில் புள்ளை தூங்குகிறது, அதனால்தான் அண்ணன் சத்தம் போடாமல் வருகிறார்.