கட்டிலைத் திருப்பி அனுப்பியது தொடர்பாக

அன்பும் பொறுமையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கே என் வலது முழங்காலைத் தவிர அனைவரும் நலம். உங்கள் நலத்தைத் தங்கை நாள்தோறும் தொலைபேசியில் சொல்லிவிடுகிறாள் என்றாலும், கடிதம் எழுத உட்கார்ந்த பிறகு விசாரிக்காமல் விடுவது முறையல்ல என்பதால் விசாரிக்கிறேன். நான் அழைத்தால் மூன்று வாரமாக நீங்கள் எடுப்பதில்லை. அதனால்தான் இதை எங்கள் குடியிருப்புக் காவலாளி கையில் கொடுத்தனுப்புகிறேன். இன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை காலைக்குள் உங்கள் கட்டில் எனக்கு வேண்டும். விஷயத்தை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நான் பார்த்த நிருபர் தொழிலின் வழக்கம். உங்கள்மீதுள்ள மரியாதையால் சில வரி தள்ளிச் சொல்லியிருக்கிறேன்.

நடந்ததில் நீங்கள் பார்த்தது பாதிதான். எங்கள் கீழ்த்தளத்தில், சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டி ஓர் அறை உண்டு. நோய் குணமானவர்கள் தங்கள் சக்கர நாற்காலி, ஊன்றுகோல், கட்டில் போன்றவற்றை அங்கே கொடுத்துவிட்டுப் போவார்கள்; தேவைப்படுகிறவர்கள் இரவலாக எடுத்துப் போவார்கள். ஒன்பது வருடம் எந்தச் சிக்கலும் இல்லாமல் நடந்தது. பிறகு என்னைக் குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஆக்கினார்கள். பொறுப்பேற்ற வாரமே ஒரு படிவம் அச்சடித்தேன். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன். முப்பத்து நான்கு வருடம் நான் எழுதிய செய்திகளில் முதல் நான்கும் அச்சேறும்; 'ஏன்' மட்டும் கடைசிப் பத்தியில் இருப்பதால், இடமில்லை என்று துணை ஆசிரியர் வெட்டிவிடுவார். அந்த ஏக்கத்தில், எங்கள் படிவத்தில் அதற்கு மட்டும் அரைப் பக்கம் ஒதுக்கினேன்.

அரைப் பக்கம் கொடுத்தால் மனிதர்கள் உண்மையை எழுதிவிடுகிறார்கள் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. பல் மருத்துவர், பிடித்து நடக்கும் வாக்கர் ஒன்று கொடுத்து, "மாமனாருக்கு வாங்கினேன். அவர் அதைத் தூக்கி என்னை அடிக்க வந்தார்" என்று எழுதினார். இரண்டாம் மாடி அம்மாள் ஒரு சாய்வு நாற்காலிக்கு எதிரே, "மூன்றாம் மாடிக்காரி கொடுத்துவிட்டாள். நானும் கொடுக்காமல் இனி அவளோடு லிஃப்டில் எப்படிப் போவது?" என்று எழுதினார். மருந்துக் கடைக்காரர் இரண்டு ஊன்றுகோல்கள் கொடுத்து, "செய்த பாவம் தீர" என்று மட்டும் எழுதியிருந்தார். என்ன பாவம் என்று கேட்டேன். தொழில் புத்தி. அன்றிலிருந்து அவர் எங்கள் வாசல் பக்கமே வருவதில்லை. எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினோம். நோக்கம் சுத்தமாக இல்லாத பொருள் அறைக்குள் வரக்கூடாது என்று தீர்மானமே போட்டோம். முன்மொழிந்தவன் நான்.

அப்போதுதான் நீங்கள் வேனில் கட்டிலோடு வந்து இறங்கினீர்கள். தலைப்பக்கம் தூக்கி இறக்கும் புதுக் கட்டில். தலைமாட்டில் உங்கள் பெயின்ட் கடையின் பெயர், ஆரஞ்சு நிறத்தில். கால்மாட்டில் தொலைபேசி எண். பக்கவாட்டில் "மழைக்கும் அசையாது, வெயிலுக்கும் அசையாது". 'ஏன்' என்பதற்கு ஒரே சொல்: விளம்பரம். அத்தனை பேர் முன்னால் நான் கேட்டேன்:

"மாப்பிள்ளை, இது தானமா, கடை போர்டா?"

"போர்டுதான் மச்சான். ஆனா போர்டுல யாரும் படுக்க முடியாது, இதுல படுக்கலாம்."

"படுக்கிறவங்க மனசு என்ன பாடுபடும்?"

"படுக்கிறவங்க முதுகைக் கேளுங்க மச்சான். மனசை அப்புறம் பேட்டி எடுக்கலாம்."

சபையில் சிரித்தார்கள். சிரித்ததால்தான் எனக்குக் கோபம் வந்தது; கொள்கையால் அல்ல. இதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். வேனைத் திருப்பச் சொன்னேன். தங்கை வண்டிக்குள்ளிருந்து என்னைப் பார்த்த பார்வையை நான் எந்தச் செய்தியிலும் எழுதத் துணியமாட்டேன்.

மறுநாள் ஓய்வுபெற்ற நீதிபதி ஒரு கட்டில் அனுப்பினார். "கொடுக்கத் தோன்றியது, கொடுத்தேன்" என்று எழுதியிருந்தார். கைதட்டினோம். படிவத்துக்குச் சட்டம் போட்டு அறைச் சுவரில் மாட்டினோம். கட்டிலை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

போன திங்கட்கிழமை எங்கள் தெருமுனைத் தையல்காரர் வந்தார். அவர் மனைவிக்கு இடுப்பெலும்பில் அறுவை சிகிச்சை. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தலைப்பக்கத்தை உயர்த்தித்தான் எழுப்ப வேண்டும், சாதாரணக் கட்டில் ஆகாது, இன்னொரு முறை எலும்பு விலகினால் அந்த அம்மாள் நடப்பதே சந்தேகம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். நீதிபதியின் கட்டிலைக் காட்டினேன். செய்முறை விளக்கத்துக்காக நானே ஏறிப் படுத்தேன். இரண்டாம் மாடி அம்மாள் கைப்பிடியைச் சுற்றினார். தலை மெல்ல உயர்ந்தது. எதிர்ச்சுவரில் நீதிபதியின் படிவம் தெரிந்தது. "ஏன்" வரை படித்திருப்பேன். பல் சக்கரம் நழுவி, தடாலென்று மல்லாந்தேன். தையல்காரர் குனிந்து அடியில் பார்த்தார்.

"சார், மனசெல்லாம் சுத்தமாத்தான் இருக்கு. திருகாணிதான் இல்ல."

பிறகு கேட்டார்: "அந்த பெயின்ட் கடைக்காரர் கட்டில் என்னாச்சு?"

"அதுல காரணம் சரியில்லைங்க."

"என் வீட்டுக்காரிக்கு இடுப்பு சரியில்லைங்க சார்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அளவு தப்பாகச் சொன்ன வாடிக்கையாளரைத் திருத்துவது போலச் சொன்னார்.

அன்று முழுவதும் எனக்குப் பழைய செய்தி ஒன்று ஞாபகம் வந்துகொண்டிருந்தது. வெள்ளத்தில் வீடிழந்தவர்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். ஒரு வியாபாரி லாரியில் போர்வைகள் அனுப்பினார். கிடங்கைக் காலி செய்யத்தான் அனுப்புகிறார் என்று கண்டுபிடித்து எழுதினேன். அந்த ஒரு முறை 'ஏன்' வெட்டுப்படவில்லை, தலைப்பே அதுதான். இரண்டாவது லாரி வரவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் என்னிடம், "நீங்க எழுதினது நிஜம்தான் சார். பாதிப் பேருக்குப் போர்வை வரல, அதையும் எழுதிடுங்க" என்றாள். எழுதிக் கொடுத்தேன். இடமில்லை என்று வெட்டிவிட்டார்கள்.

நோக்கமே முக்கியமில்லை என்று நான் சொல்லவரவில்லை. காலாவதியான மாத்திரையைத் தள்ளிவிட நினைக்கிறவனின் நோக்கம் மாத்திரைக்குள்ளேயே இருக்கிறது; அதை விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் உங்கள் நோக்கம் கட்டிலின் வெளிப்புறத்தில், ஆரஞ்சு நிறத்தில், எல்லாரும் படிக்கும்படி இருந்தது. உள்ளே திருகாணிகள் சரியாக இருந்தன. கொடுப்பவர் ஏன் கொடுக்கிறார் என்பது அவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள நல்ல கேள்வி. அதை வாசலில் நின்று நான் கேட்டதுதான் தவறு. கேட்டவனுக்கும் ஒரு நோக்கம் இருந்தது, அது சுத்தமில்லை என்றும் மேலே சொல்லிவிட்டேன்.

ஆகவே மாப்பிள்ளை, மன்னித்துவிடுங்கள். கடைப் பெயரோடு, எண்ணோடு, மழை வெயிலோடு கட்டிலை அனுப்பிவையுங்கள். வேண்டுமானால் திறக்கும் நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். படிவத்தில் 'ஏன்' இருந்த அரைப் பக்கத்தைக் கிழித்துவிட்டோம். உங்கள் கடையும் வேனும் குடும்பமும் குறைவின்றி விளங்கட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். தங்கைக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் மச்சான்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது தையல்காரர் வந்தார். திங்கட்கிழமையே அவர் உங்கள் கடைக்கு வந்து கேட்டாராம்; நேற்றே உங்கள் கட்டிலை நீங்களே அவர் வீட்டில் இறக்கிவிட்டீர்களாம். எழுத்தையெல்லாம் அழித்து வெள்ளை அடித்திருக்கிறீர்களாம். வாடை போக ஜன்னல்களைத் திறந்து வைத்திருக்கிறார். "எங்க மச்சானுக்குத் தெரிய வேணாம், என்னை நல்லவன்னு சொல்லிடுவார்" என்றீர்களாம். ஆக, மேலே எழுதிய எதற்கும் இனி அவசியமில்லை. இருந்தாலும் அனுப்புகிறேன். எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது என்று தங்கை இருபது வருடமாகச் சொல்லிவருகிறாள். படித்து முடித்ததும் கடிதத்தை அவள் கண்ணில் படும்படி வைக்கவும்.